கடற்கரைக் கிராமங்களின் பரிசோதனைச்சாலைக்கு ஏற்ற கருவி எது?

நிலத்தின் தன்மையை அறிந்து அதற்கேற்பப் பயிரிட வேண்டும் என்னும் எண்ணம் குடியானவர்களிடையே வரவர வலுப்பட்டு வருவது மகிழத்தக்கதாகும். 2015ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான் ஆகிய பன்னிரண்டு விவரங்களைக் கூறும் அட்டை சிற்றூர்களிலும் பழக்கமாகிவிட்டது. கிராம அளவிலேயே மண் பரிசோதனைச்சாலை அமைத்துக்கொள்வதற்கான வழிமுறைகளையும் மத்திய அரசாங்கத்தார் 2023ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். அவற்றின்படி உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளும், சுய உதவிக் குழுக்களும், பள்ளிக்கூடங்களும் இம்முயற்சியில் இறங்கலாம். இங்ஙனம் ஒரு பரிசோதனைச்சாலையை அமைக்க எண்ணுவோர் முதன்முதலில் கேட்கும் கேள்வி, எந்தக் கருவியை வாங்குவது என்பதேயாகும்.

விலையால் உயர்ந்த கருவியே வேலையாலும் உயர்ந்தது என்ற கருத்து பலரிடம் குடிகொண்டிருக்கிறது. ஒரே முறையில் இருபது மூலகங்களை அளந்து காட்டும் இயந்திரம் ஒன்றிருக்க, ஓர் எண்ணை மட்டும் காட்டும் சிறு கருவி எதற்கு என்று கேட்போரும் உளர். கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகப் பாலாற்று முகத்துவாரம் வரையிலும் அதற்குத் தெற்கிலும் உள்ள கடலோரக் கிராமங்களைப் பொறுத்தவரையில் இக்கருத்து தவறானது. பணத்துக்கும் பயிருக்கும் நஷ்டம் உண்டாக்கக்கூடியது. நிலம் கேட்கும் கேள்வி எதுவோ அதற்கு உரிய காலத்தில் விடை கூறும் கருவியே உத்தமமான கருவியாகும். ஆதலின் இப்பகுதி நிலங்களின் கேள்வி இன்னதென்பதை முதலில் தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

இக்கரையின் அமைப்பு யாவரும் அறிந்ததே. கடலை ஒட்டி மணல்மேடு; அதன் மேற்கே கடல்நீர் ஏறி இறங்கும் பக்கிங்காம் கால்வாய்; அதற்கும் மேற்கே ஏரிப்பாசன நஞ்சைகளும், கிணற்றை நம்பிய தோட்டக்கால்களும். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செய்யூர் ஆகிய மூன்று தாலூகாக்களிலும் கடலோரக் கிராமங்கள் இத்தகைய நிலையிலேயே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்த வருஷத்தில் தை மாதத்துக் கிணற்றுநீர் குடிப்பதற்கும் இனிதாயிருக்கும். அதே கிணறு சித்திரை, வைகாசியில் கரிப்பதுண்டு. மோட்டார்களின் எண்ணிக்கை பெருகிய இடங்களில் இவ்வித்தியாசம் இன்னும் அதிகமாகத் தெரிகிறது.

இதற்குக் காரணம் மறைவானதன்று. கடற்கரை நிலத்தடியில் நல்ல நீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி உயரம் நிற்குமானால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரை நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. நெதர்லாந்து தேசத்துக் கைபன் என்பவரும், அவருக்குப் பின் 1901ல் ஜெர்மனி தேசத்து ஹெர்ஸ்பெர்க் என்பவரும் கண்டுரைத்த விதி இது. இவ்விதியைத் திருப்பிப் பார்த்தால் அபாயம் விளங்கும். இடைவிடாது நீர் இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், நாளடைவில் உவர்நீர் கீழிருந்து நாற்பது அடி மேலெழும்பத் தலைப்படும். மேலே தெரியும் மாறுதல் சிறிது. அடியில் நிகழும் மாறுதல் பெரிது. நாக்கினால் அறியும்படி உப்பு ஏறுவதற்குள் பயிர் பாதிக்கப்பட்டிருக்கும்.

பாசன நீரால் வயலில் சேரும் உப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. உப்பின் நிலையைக் குறிக்கும் அலகு மீட்டருக்கு ஒரு டெசிசீமன் ஆகும். பழைய பெயரால் இதையே சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமோ என்பர். ஓர் அலகுள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். கடல்நீர் சுமார் 50 அலகு உடையது. இரண்டு அலகுள்ள கிணற்றுநீரை ஒரு ஏக்கராவில் 10 சென்டிமீட்டர் உயரம் ஒரு தடவை நிறுத்தினால், அத்துடன் வயலுக்குள் 500 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உப்பும் வந்து சேர்கிறது. பத்துத் தடவை பாய்ச்சினால் ஐந்து டன்னுக்கு மேல். மழை பெய்து கழுவிச் செல்லாவிடில் இவ்வளவும் வேர்ப்பாகத்திலேயே தங்கும்.

பயிர்களும் உப்பைத் தாங்குவதில் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க விஞ்ஞானிகளான மாஸ், ஹாஃப்மன் என்னும் இருவர் 1977ல் வெளியிட்ட அட்டவணையின்படி, மண்ணின் தெவிட்டிய சாற்றில் 3 அலகு வரை நெல் விளைச்சல் குறைவதில்லை. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு குறையும். வேர்க்கடலைக்கு எல்லை 3.2 அலகு, அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் 29 பங்கு குறையும். எனவே 5 அலகுள்ள நிலத்தில் நெல் பயிரிட்டவர் விளைச்சலில் கால்பங்கை இழப்பார். வேர்க்கடலை பயிரிட்டவரோ பாதியையும் இழக்க நேரும். இவ்வேற்றுமையை விதைக்கும் முன்னரே அறிவிக்கவல்லது எதுவோ, அதுவே இக்கரைக்கு முதற் கருவி.

அக்கருவி மின்கடத்து மானியேயாம். இது இ. சி. மீட்டர் என்று பரிசோதனைச்சாலைகளில் வழங்கும். தூய நீரில் மின்சாரம் எளிதில் செல்லாது. உப்புக் கரைந்த அளவுக்கு எளிதாகச் செல்லும். இரு தகடுகளுக்கு நடுவே நீரை வைத்து, அதன் வழியே செல்லும் மின்சாரத்தை அளந்து, உப்பின் நிலையை ஓர் எண்ணாகக் காட்டுவதே இதன் தொழில். அமிலமோ வாயுவோ தேவையில்லை. ஒரு நிமிஷத்தில் விடை கிடைக்கும். சட்டைப்பையில் வைத்துக் கிணற்றடிக்கே கொண்டுசெல்லத்தக்க சிறு மானிகளும் உண்டு. கலிபோர்னியாவிலுள்ள உவர்நில ஆராய்ச்சிச்சாலையார் 1954ல் வெளியிட்ட நூலில், பாசன நீரை 0.25, 0.75, 2.25 ஆகிய எல்லைகளால் நான்கு வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். இப்பாகுபாட்டை மனத்திற் கொண்டு கிணறுகளை அளந்து வந்தால், எந்தக் கிணறு கெட்டு வருகிறது என்பது மாதந்தோறும் தெரியும்.

இரண்டாவதாக வேண்டுவது கார அமில நிலையை அளக்கும் பி. எச். மீட்டர். இக்கருவி பிறந்த வரலாறும் கருதத்தக்கது. கார அமில நிலைக்கு அளவுகோல் வகுத்தவர் கோபன்ஹேகனிலிருந்த சோரன்சென்; ஆண்டு 1909. ஆயினும் அதை எளிதில் அளக்கும் மின்சாரக் கருவி 1934ல்தான் தோன்றிற்று. கலிபோர்னியாவின் எலுமிச்சை விவசாயிகளது சங்கத்தில் வேலை பார்த்த ரஸாயன நிபுணர் ஒருவருக்கு, பழச்சாற்றின் புளிப்பை அளப்பது கடினமாயிருந்தது. சாற்றிற் கலந்திருந்த கந்தக வாயு லிட்மஸ் காகிதத்தை வெளுக்கச் செய்தது. அப்போதிருந்த மின்முனைகளையும் கெடுத்தது. அவருடைய நண்பர் ஆர்னால்டு பெக்மன் அக்குறையைத் தீர்க்கவே புதிய மீட்டரை இயற்றிக் கொடுத்தார். பின்னர் அது உலகத்துப் பரிசோதனைச்சாலைகளிலெல்லாம் இடம்பெற்றது. கேள்வி முன்னே நின்றது. கருவி அதன் பின்னே வந்தது.

இவ்விரண்டு மானிகளும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும் என்பதற்கு முக்கியமான காரணம் உண்டு. உவர் நிலமும் களர் நிலமும் வேறு வேறு நோய்கள். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. தெவிட்டிய சாறு 4 அலகுக்கு மேற்படும். கார அமில நிலை பெரும்பாலும் 8.5க்கு உட்பட்டிருக்கும். களர் நிலத்தில் மண்துகள்களோடு ஒட்டிய சோடியம் மிகுதி. கார அமில நிலை 8.5க்கு மேற்படும், நீர் உள்ளே இறங்காது. களருக்கு மருந்து ஜிப்சமும், அதைத் தொடர்ந்து நல்ல நீரால் கழுவுதலும். உவருக்கு மருந்து, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கிக் கழுவுதலும் வடிகாலும். பி. எச். மீட்டரை மட்டும் நம்பினால் உவர் நிலம் குற்றமற்றதாகத் தோன்றிவிடும். வெண்மையாகப் பூத்த நிலத்தையெல்லாம் களர் என்று எண்ணி ஜிப்சம் வாங்கி இட்டவருடைய பணம், உவர் நிலத்தில் பெரும்பாலும் வீணே.

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கடலோர வயல்களில் புகுந்தபோது இவ்வேறுபாடு கண்கூடாயிற்று. நிலம் எப்போது பயிருக்குத் தகுதியாகும் என்பதே அன்றைய கேள்வி. 2005ஆம் வருஷ வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்து உப்பைக் கழுவ உதவியது. மணற்பாங்கான நிலத்தில் உப்பு விரைவில் இறங்கிவிடும். களிமண் நிலத்திலோ உப்பு கழுவப்பட்ட பின்னும் சோடியம் தங்கி, நிலம் களராக மாறுவதுண்டு. அப்போது ஒரு மானியின் எண் இறங்க மற்றொன்றின் எண் ஏறும். இரண்டையும் காண்பவருக்கே உண்மை புலப்படும்.

மூன்றாவது படியில் கண்ணாடிச் சாமான்களும் ஒரு சுடரொளி மானியும் வரலாம். மின்கடத்து மானி உப்பின் அளவைக் கூறுமேயன்றி, இன்ன உப்பு என்று கூறாது. அதை அறிய வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலால் குளோரைடையும், அமிலத்தால் கார்பனேட்டுகளையும், இ. டி. டி. ஏ. கரைசலால் சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துக்களையும் பியூரெட் குழாய் ஒன்றைக்கொண்டே அளந்துவிடலாம். சோடியத்தையும் சாம்பல்சத்தையும் சுடரொளி மானி காட்டும். கரைசலைச் சுடரில் தெளித்து, எழும் ஒளியின் அளவைக்கொண்டு கணக்கிடுவது அது. அதற்குச் சமையல் வாயுவும் காற்றழுத்தும் சிறு இயந்திரமும் போதும். சோடியத்துக்கும் சுண்ணாம்பு மக்னீசியங்களுக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிட்டால், குறிப்பிட்ட நீர் நிலத்தைக் களராக்குமா என்பதை முன்கூட்டியே உரைக்கலாம்.

இனி, பல மூலகங்களையும் ஒருசேர அளக்கும் பெருங்கருவிகளைப் பற்றி. அணு உறிஞ்சல் மானி என்பது ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்பவரால் 1955ல் வெளியிடப்பட்ட முறையைத் தழுவியது. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ் ஆகிய நுண்சத்துக்களை அளப்பதில் அதன் உதவி பெரிது. பிளாஸ்மா நிறமாலைமானி அதனினும் விரைவானது. இவற்றின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்மா மானி நிமிஷத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஆர்கான் வாயுவைக் குடிக்கும். ஏழு கனமீட்டர் கொண்ட ஒரு சிலிண்டர் எட்டு மணி நேர வேலைக்கும் போதாது. குளிரூட்டிய அறையும், தடையற்ற மின்சாரமும், தேர்ந்த ரஸாயன நிபுணரும், பழுது பார்ப்போரும் வேண்டும். பல இலட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய பின், வாயுவுக்குப் பணமின்றி உறையிட்டு மூடப்படும் கருவியால் எந்த வயலுக்கு நன்மை? நுண்சத்துக்கள் ஒரு பருவத்துக்குள் பெரிதும் மாறுவதில்லை. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒரு முறை மண்ணை எடுத்துப் பெரிய பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினால் போதும். கிணற்று உப்போ மாதத்துக்கு மாதம் மாறுவது. அதை அனுப்பி விடைக்குக் காத்திருத்தல் இயலாது.

இதே கரையில் கல்பாக்கத்தில் 1971ல் ஏற்பட்டு, இப்போது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையம் எனப்படும் ஸ்தாபனத்தில் மிக நுட்பமான நிறை நிறமாலைமானிகள் இருக்கின்றன. ஒரே மூலகத்தின் ஐசோடோப்புகளின் விகிதத்தைத் துல்லியமாய்க் காண்பது அங்குள்ளாருக்கு அவசியம். ஆகவே அக்கருவி அங்கே தகுதியானது. சில மைல் தூரத்தில் தர்ப்பூசணி பயிரிடுவோர் கேட்கும் கேள்வி வேறு. அவர்களுக்குத் தகுதியான கருவியும் வேறு.

பழைய உதாரணம் ஒன்றும் உண்டு. அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த சைதாப்பேட்டையில் 1865ல் சர்க்கார் பண்ணை ஒன்று ஏற்பட்டது. கவர்னர் டெனிஸன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து தருவித்த நீராவிக் கலப்பை முதலியவற்றைச் சோதிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நீராவிக் கலப்பை வலிமையுள்ள கருவிதான். ஆயினும் சிறு சிறு வயல்களும், நிறைந்த சேறும், குறைந்த பொருளும் உடைய குடியானவருக்கு அது உதவவில்லை. அப்பண்ணையையொட்டி வளர்ந்த விவசாயக் கல்வி பின்னர் 1906ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு இன்றளவும் தழைத்திருக்கிறது; நீராவிக் கலப்பை மறைந்துவிட்டது.

எக்கருவியை வாங்கினும், அது மெய் கூறும்படி வைத்திருப்பது வாங்குவதைவிடக் கடினமானது. மின்கடத்து மானி வெப்பத்தால் ஏமாறக்கூடியது. ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு அதிகமாகக் காட்டும். 25 டிகிரிக்கு ஏற்பட்ட அளவை 33 டிகிரி வெயில் நீரில் திருத்தாமல் எழுதினால் 16 பங்கு பிசகும். வெப்பத் திருத்தம் தானே செய்யும் மானியையே வாங்க வேண்டும். தூய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், 25 டிகிரியில் மானி 1.413 காட்ட வேண்டும். இதற்கு உரக்கடைப் பொட்டாஷ் உதவாது. பி. எச். மீட்டரின் கண்ணாடி மின்முனையை உலரவிடலாகாது. 4, 7, 9.2 ஆகிய நிலைக்கரைசல்களால் ஒவ்வொரு வேலைநாளும் சரிபார்க்க வேண்டும்.

மண்ணை எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு ஏக்கராவில் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேல்மண் சுமார் 900 டன் எடையுள்ளது. பரிசோதனையில் எடுப்பது பத்து கிராம். அதாவது ஒன்பது கோடியில் ஒரு பங்கு. வரப்போரத்திலும் எருக்குப்பையருகிலும் எடுத்த மண்ணை எத்தனை துல்லியமான கருவியில் இட்டாலும் பொய்யே துல்லியமாக வெளிவரும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, கால்பங்கு முறையில் குறைத்து அரைக்கிலோ அனுப்ப வேண்டும். உப்புச் சந்தேகமுள்ள நிலத்தில் ஒன்று, இரண்டு அடி ஆழத்து மண்ணும் தனியே வேண்டும். கோடையில் உப்பு மேலேறும், மழையில் கீழிறங்கும். மேலும், தெவிட்டிய சாற்றில் அளந்த எண்ணும், ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளந்த எண்ணும் ஒன்றல்ல. பின்னது குறைந்தே காட்டும். எம்முறையில் அளந்தது என்று அட்டையில் எழுதாவிடில் அந்த எண்ணால் பயனில்லை.

ஆகவே இக்கரைக் கிராமங்களில் பரிசோதனைச்சாலை அமைக்க முன்வருவோர், முதலில் நல்ல மின்கடத்து மானியும் பி. எச். மீட்டரும், அவற்றைச் சரிபார்க்கும் கரைசல்களும், அவற்றை ஆள்வதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் கிடைக்கும்படி செய்தல் வேண்டும். அதன் பின் கண்ணாடிச் சாமான்கள். அதன் பின் சுடரொளி மானி. பெருங்கருவிகள் ஜில்லாவுக்குப் பொதுவாக ஒரே இடத்தில் இருந்து, இடைவிடாமல் வேலை செய்யட்டும்.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. ஊரின் நான்கு பக்கமும் பரவியிருக்கும் பத்துப் பன்னிரண்டு கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒரு முறை நீர்மட்டத்தின் ஆழத்தையும் உப்பின் நிலையையும் அளந்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் யாவரும் பார்க்கும்படி எழுதி வைக்கலாம். எண் ஏறத் தொடங்கியதும், இறைப்பைக் குறைப்பதோ, பயிரை மாற்றுவதோ, ஏரியையும் குட்டையையும் தூர்வாரி மழைநீரைத் தேக்குவதோ காலத்தில் தீர்மானிக்கப்படும். அண்டை நிலத்துக்காரர்கள் இருவரும் ஒரே நீரைத்தான் இறைக்கிறார்கள் என்பதை அக்கணக்கு எந்த வாதத்தையும்விடத் தெளிவாக எடுத்துக்காட்டும். நிலமுடையோர் தத்தம் கிணற்றைப் பரீக்ஷிக்கத் தயங்காது திறந்துவிடுவார்களாயின், பெருஞ்செலவின்றியே இக்கரையின் விளைநிலங்கள் பலவற்றை உவரினின்றும் காப்பாற்றுதல் கூடும்.